இரண்டாவது டிஸ்க்

பல்கலைக்கழகத்தில் அவளுடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாயிற்காவலரிலிருந்து பதிவாளர் வரை எல்லோருக்கும் அவள் கிடங்கு அக்கா. அறிவியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கிடங்கு. ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் போகிறவர் வருகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு துறைக்கும் கம்ப்யூட்டர் மாற்றுவார்கள். புதியவை பெட்டியோடு மேலே போகும்; பழையவை தள்ளுவண்டியில் அக்காவிடம் கீழே வரும். எது இன்னும் நான்கு வருஷம் ஓடும், எதைப் பிரித்துப் பாகம் எடுக்கலாம், எது குப்பை என்று முடிவு செய்வது அவள் வேலை. ஓட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு, சில நேரம் மோந்துகூடப் பார்ப்பாள். புது கீபோர்டு கேட்டு வரும் பேராசிரியர், "தெரியாம காபி கொட்டிருச்சு" என்று பழையதை நீட்டினால், "தெரியாமத்தான் கொட்டுச்சு சார், ஆனா ரெண்டு தடவை கொட்டியிருக்கு" என்பாள். அவர் சிரித்து மழுப்பிவிட்டுப் போவார்.

அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்தது தட்டச்சராக. அப்போதெல்லாம் பழைய கம்ப்யூட்டர்களைச் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். மழையில் நனைந்து துருவேறிக் கிடக்கும். பார்க்கப் பொறுக்காமல், நான்கைந்து பேரிடம் மல்லுக்கட்டி, அவற்றைச் சரிசெய்து பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியவள் அவள்தான். பத்தொன்பது வருஷத்தில் எண்ணூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்கள் அப்படி வெளியே போய் உயிர்பிழைத்தன. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருக்கட்டுமே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வெளியே கொடுப்பதற்கு முன் டிஸ்கைத் துடைக்க வேண்டும். துடைப்பது என்றால் துணியால் அல்ல. உள்ளே பதிந்திருப்பதன் மேல் வெறும் பூஜ்யங்களை எழுதி, பழையதை யாராலும் மீட்க முடியாதபடி செய்வது. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். அக்காவின் மேஜையில் ஒரே நேரத்தில் ஆறு மாட்டலாம். துடைத்து முடித்ததும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, பெட்டியின் மேல் பச்சைத் தாள் ஒட்டுவாள். அதற்கும் அவளே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி ஒன்று இருந்தது: மூடியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் கையெழுத்து இல்லை. ஏனென்றால் துறைகளில் யாராவது, இடம் போதவில்லை என்று தாங்களாகவே இன்னொரு டிஸ்க் வாங்கிச் செருகியிருப்பார்கள். அதன் கம்பி சரியாகப் பொருந்தாமல் இருந்தால் துடைக்கும் புரோகிராமின் கண்ணில் அது படாமல் போகலாம்.

இந்த விதியை மற்றவர்கள் மீறினால் அவள் பத்ரகாளியாகிவிடுவாள். அவளோடு வேலை பார்த்த டெக்னீஷியனுக்குத் திருப்புளி என்று பட்டப்பெயர். நாற்பதைத் தாண்டிய மனிதர், சட்டைப் பையில் பேனா இருக்கும் இடத்தில் ஸ்க்ரூ கழற்றும் திருப்புளி வைத்திருப்பார். ஒருமுறை அவர் மூடியைக் கழற்றாமல் ஒரு பெட்டியை அனுப்பப் பார்த்தபோது, வண்டியிலிருந்து இறக்க வைத்து, அவரை நிற்க வைத்துத் திட்டினாள்.

அப்படிப்பட்டவள்தான் அந்த வியாழக்கிழமை பன்னிரண்டு தாள்களில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அவை மாணவர் மனநல ஆலோசனை மையத்திலிருந்து வந்த பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். ஊரில் இருந்த பொது நூலகம் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அவற்றைத் தருவதாக வெள்ளிக்கிழமை குறித்திருந்தது. வண்டி ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றது.

"நாளைக்கு வண்டி வேற பக்கம் போகுதும்மா. இப்ப ஏத்துனா ஏத்துனதுதான். இல்லன்னா அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் டிரைவர்.

வகுப்புகள் திறக்க நான்கு நாள். புதிதாக வந்த அறுபது பெட்டிகள் நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்தன. தீயணைப்புச் சோதனைக்காரர் காலையில்தான் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். திருப்புளி, மச்சினன் வீடு மாறுகிறான் என்று லீவு. பன்னிரண்டு திரைகளிலும் 'முடிந்தது' என்று வந்துவிட்டது. மூடிகளைக் கழற்றுவதுதான் பாக்கி. அக்கா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகப் பொறுப்பாளர் அம்மாளிடமிருந்து போன் வந்தது.

"மேடம், நீங்க குடுத்த கம்ப்யூட்டர் ஒண்ணுல ஏதோ குறிப்பெல்லாம் இருக்கு. யார் யாரோ அழுத கதையெல்லாம் இருக்கு. நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

அக்கா கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினாள். பஸ் மெதுவாகப் போவது போலிருந்தது. பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்தாள்.

வாசிப்பறையில் ஜன்னல் ஓரமாக மூன்றாவது கம்ப்யூட்டர். அதில் இரண்டாவதாக ஒரு டிஸ்க் தெரிந்தது. வண்டியில் குலுங்கிய குலுங்கலில் கம்பி சரியாகப் பொருந்தி, அது தானாகவே உயிர் பெற்றிருந்தது. உள்ளே 'சந்திப்புக் குறிப்புகள்' என்று ஒரு தொகுப்பு. அதற்குள் மாணவர்களின் பதிவு எண் போட்டு வரிசையாக ஃபைல்கள். நூற்று நாற்பத்து மூன்று.

"பரீட்சைக்குப் படிக்க வர்ற ஒரு பையன்தான் சொன்னான். யாருதுன்னு தெரிஞ்சுக்க நான் ஒண்ணைத் திறந்தேன். நாலு வரி படிச்சதும் மூடிட்டேன். படிச்சிருக்கக் கூடாது" என்றார் பொறுப்பாளர் அம்மாள். அவர் குரலே கம்மிப்போயிருந்தது.

அக்கா பட்டியலை மேலிருந்து கீழே இறக்கினாள். எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதற்காகத்தான் பார்த்தாள். எழுபதாவதோ எழுபத்தொன்றாவதோ எண்ணில் கை நின்றுவிட்டது.

அந்த எண் அவளுக்கு மனப்பாடம். சேர்க்கை விண்ணப்பத்தில், அடையாள அட்டைக்கான படிவத்தில், பஸ் பாஸுக்கு எழுதிய கடிதத்தில் என்று அவளே தன் கையால் எத்தனையோ முறை எழுதிய எண். அவள் மகளுடையது.

மகள் அதே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நன்றாகச் சாப்பிடுவாள், அப்பாவோடு சண்டை போட்டு டிவி ரிமோட்டைப் பிடுங்குவாள், மதிப்பெண்ணில் குறை இல்லை. அவள் ஆலோசனை மையத்துக்குப் போகிறாள் என்பது அக்காவுக்குத் தெரியாது. எதற்குப் போகிறாள் என்பதும் தெரியாது. சுட்டியை இரண்டு முறை அழுத்தினால் தெரிந்துவிடும்.

அவள் அழுத்தவில்லை. கடைசியாகத் திறக்கப்பட்ட ஃபைல்கள் எவை என்று மட்டும் பார்த்தாள். மூன்று. அதில் மகளுடைய எண் இல்லை. அப்பாடா என்று நெஞ்சுக்குள் ஒரு மூச்சு விழுந்தது. விழுந்த அதே நொடியில் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த மூன்றும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைக் கழற்றி, இரண்டாவது டிஸ்கை வெளியே எடுத்தாள். மூன்று வாரத்துக்கு முன் ஐந்து நிமிஷத்தில் செய்திருக்க வேண்டியது. மற்ற பதினொன்றையும் கழற்றிப் பார்த்தாள். அவற்றில் ஒன்றுமில்லை.

"நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா போச்சு மேடம். நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். அந்தப் பையனும் வெவரமானவன், பேச மாட்டான். எங்களுக்கு இவ்வளவு செஞ்சிருக்கீங்க" என்றார் பொறுப்பாளர் அம்மாள்.

திரும்பி வந்ததும் திருப்புளியும் அதையே வேறு விதமாகச் சொன்னார். "அக்கா, மேஜைல மாட்டுனா ரெண்டு மணி நேரம். துடைச்சுட்டா இது நடக்கவே இல்ல. நீங்க குடுங்க, நான் மாட்டறேன். நீங்க டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்கா டிஸ்கைக் கொடுக்கவில்லை. ஒரு பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நடந்ததை மேலே எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் அப்போது முடிவு செய்திருக்கவில்லை. துடைத்துவிட்டால் முடிவு செய்ய ஒன்றும் மிஞ்சாது என்பது மட்டும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மகள் சாப்பாட்டு மேஜையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னம்மா, புதுசா பாக்கற மாதிரி பாக்கற?"

"ஒண்ணுமில்ல. முடி வளந்துடுச்சு உனக்கு."

"போன மாசம்தான் வெட்டுனேன். கண்ணாடியை மாத்தும்மா."

கணவர் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். ஊரில் பாதிப் பேருடைய வியாதி தெரிந்தும் வாயைத் திறக்காத மனிதர். அவரிடம் அக்கா தப்பு நடந்ததைச் சொன்னாள். மகளுடைய எண்ணைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அவர் எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். பிறகு, "மாத்திரை மாறிப் போச்சுன்னா வீடு தேடிப் போய்ச் சொல்லிடுவோம். திட்டுவாங்க. வேற வழியில்ல" என்றார்.

மறுநாள் காலை அக்கா நடந்ததை ஒன்றரைப் பக்கத்தில் எழுதிப் பதிவாளரிடம் கொடுத்தாள். மூடியைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. பதிவாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இதை ஏன் எழுத்துல குடுத்தீங்க? வாயால சொல்லியிருந்தா பாத்துக்கிட்டிருக்கலாமே."

"என்ன சார் பாத்துக்கிட்டிருப்பீங்க?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். தாளில் முத்திரை குத்தச் சொல்லி உதவியாளரைக் கூப்பிட்டார். அந்தப் பட்டியலில் இருக்கும் நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் கடிதம் போகும், திங்கட்கிழமை போகும் என்றார். விசாரணை முடியும்வரை கிடங்கிலிருந்து ஒரு கம்பிகூட வெளியே போகக் கூடாது.

திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. கடிதம் மகள் கையில் கிடைத்து, அதில் 'கிடங்குப் பொறுப்பாளரின் கவனக்குறைவால்' என்று அவள் தனியாக உட்கார்ந்து படிக்கக் கூடாது என்று அக்கா நினைத்தாள். ஆனால் முன்னாலேயே சொன்னால், அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். வெள்ளி போனது. சனி போனது. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, நனைந்த போர்வையின் இரு முனைகளையும் இருவரும் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, சொன்னாள்.

மகள் போர்வையை விடவில்லை. முகம்தான் வெளிறியது.

"என் ஃபைல் அதுல இருந்துச்சா?"

"உன் நம்பர் இருந்துச்சு."

"படிச்சியா?"

"இல்ல."

"வேற யாராச்சும்?"

"உன்னுதை யாரும் திறக்கல. மூணு பேரோடதைத் திறந்திருக்காங்க."

மகள் போர்வையைக் கொடியில் போட்டாள். நேராக இழுத்துவிட்டாள். கிளிப் மாட்டினாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பினாள்.

"படிக்கக் கூடாதுன்னு படிக்காம இருந்தியா, இல்ல பயந்துக்கிட்டு படிக்காம இருந்தியா?"

பொய் சொல்ல அக்காவுக்கு ஒரு நொடி இருந்தது. "ரெண்டும்தான்" என்றாள்.

"அந்த ஒரு இடத்துலதாம்மா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுப் பேசுனேன்" என்றாள் மகள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். அன்று மாலையே ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் நிறுத்தம் வரை அப்பா கூடப் போனார். என்ன ஏது என்று அவர் மகளிடமும் கேட்கவில்லை, திரும்பி வந்து மனைவியிடமும் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துதான் இருந்தது.

கடிதம் போன இரண்டாம் நாள் கிடங்கு வாசலில் ஒரு மாணவன் வந்து நின்றான். நெடுநெடுவென்று வளர்ந்தவன், நிலைப்படிக்குத் தலையைக் குனிய வேண்டியிருந்தது. திறக்கப்பட்ட மூன்றில் ஒன்று தன்னுடையது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"நீங்கதானா அது?"

"நான்தான் தம்பி."

"யார் படிச்சாங்க?"

அக்கா தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னாள். பரீட்சைக்குப் படிக்க வந்த ஒரு பையன் திறந்திருக்கிறான், முழுவதும் படித்தானா என்று தெரியாது. நூலகப் பொறுப்பாளர் ஒன்றைத் திறந்து நான்கு வரி படித்தார், அது எதென்று தெரியாது. மூன்று வாரத்தில் வேறு யாராவது பார்த்தார்களா என்பதும் உறுதியாகச் சொல்ல முடியாது.

"அந்த லைப்ரரி எங்க தெருவுலதான் இருக்கு" என்றான் அவன். "எங்க அப்பா தினமும் பேப்பர் படிக்க அங்கதான் போவாரு."

அக்கா எழுந்து நின்றாள். "என்னை மன்னிச்சிடு தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க மன்னிப்பு கேட்டா நான் என்ன சொல்லணும்? பரவால்லன்னு சொல்லணுமா?"

"வேண்டாம். சொல்லாத."

அடுக்கி வைத்திருந்த மானிட்டர்களை அவன் ஒருமுறை பார்த்தான். அப்புறம் குனிந்து வெளியே போனான். ஜன்னலில் அவனுடைய செருப்பு கடந்து போவதை அக்கா பார்த்தாள். அவன் அதற்குப் பிறகு ஆலோசனைக்குப் போனானா என்று பல மாதம் கழித்து மையத்தின் ஆலோசகரிடம் கேட்டாள். "அதை நான் உங்ககிட்ட சொல்ல முடியாதுங்க" என்றார் அவர். சரியான பதில்தான். அது தனக்குத் தெரியாமலேயே இருக்க வேண்டும் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

விசாரணையில் எழுத்து மூலமான கண்டனம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை, தானே சொன்னதால் போகவில்லை என்றார்கள். ஆனால் வெளியே கொடுக்கும் ஏற்பாட்டை முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். இனிமேல் பழையதெல்லாம் நேராக நொறுக்கும் ஆலைக்கு. டிஸ்க் மட்டுமல்ல, பெட்டியோடு. நொறுக்கியதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அக்காவையே அனுப்பினார்கள்.

முதல் தடவை நாற்பது கம்ப்யூட்டர்கள் போயின. அதில் முப்பத்திரண்டு நன்றாக ஓடுபவை. பெல்ட்டில் ஒவ்வொன்றாக ஏறி, மேலே போய், தலைகுப்புற விழுந்தன. ஒன்று விழுந்து நொறுங்க ஏழெட்டு விநாடிகூட ஆகவில்லை. சத்தத்துக்காகக் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள். திருப்புளி பாதியிலேயே வெளியே போய் நின்றுகொண்டார்.

"ஒரு மூடி கழட்டாததுக்கு எல்லாத்தையும் கொல்றாங்களே அக்கா" என்றார்.

"அவங்க மேல கோபப்படாதீங்க. என் வேலையை நம்ப முடியாதுன்னு நான்தானே காமிச்சேன்" என்றாள் அக்கா.

பள்ளிக்கூடங்களிலிருந்து போன் வந்துகொண்டேயிருந்தது. ஒரு தலைமையாசிரியை, "நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்டார். அந்தப் பள்ளியின் பெயரை அக்கா ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். அவள் ஒரு யோசனை எழுதினாள். டிஸ்க் எதுவாக இருந்தாலும் முதலிலேயே வெளியே எடுத்து நொறுக்கிவிடுவது. டிஸ்க் இல்லாத வெறும் பெட்டியை மட்டும் கொடுப்பது. வாங்குகிறவர்கள் புது டிஸ்க் போட்டுக்கொள்வது. மூடி திறந்த நிலையில் ஒரு போட்டோ எடுத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போடுவது, அதில் ஒருவர் அவளாக இருக்கக் கூடாது. முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துக் கொடுத்தபோது பதிலே வரவில்லை. மூன்றாவது முறை பதிவாளர் கூப்பிட்டார்.

"பத்து. பத்தே பத்து பெட்டி. அதுல ஒரு குறைகூட வரக் கூடாது."

"வராது சார்னு சொல்ல மாட்டேன். வந்தா கண்டுபிடிக்கற மாதிரி செஞ்சிருக்கேன்" என்றாள் அக்கா. அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மகள் ஏழு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். பரீட்சைக்கு வேண்டிய புத்தகங்கள் இங்கேதான் இருக்கின்றன என்று காரணம் சொன்னாள். அப்பாவோடு பேசினாள். அம்மாவோடு, உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவுக்குப் பேசினாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் அக்கா தட்டிவிட்டு நின்றாள், முன்பெல்லாம் தட்டியதில்லை. உள்ளிருந்து 'ம்' என்று வர நேரமானால் திரும்பிப் போய்விடுவாள். எதற்காகப் போனாய், எதை என்னிடம் சொல்ல முடியவில்லை என்ற கேள்வி தினமும் சாப்பிடும்போது வாய்வரை வந்தது. தினமும் விழுங்கினாள். தான் திட்டியது ஏதாவதா, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுச் சொன்னதா, அல்லது தனக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோவா என்று மனசு பழைய வருஷங்களையெல்லாம் கிளறிப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை, அல்லது எல்லாமே காரணம் போலிருந்தது.

பத்துப் பெட்டிகளும் போய்ச் சேர்ந்த வாரத்தில், ஒரு நாள் காலை மகள் செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று சொன்னாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வர லேட்டாகும்."

"சரி."

"அங்க திரும்பப் போறேன். புது ஆள்கிட்ட. இவங்க கம்ப்யூட்டர்ல எழுத மாட்டாங்களாம், நோட்டுலதான் எழுதறாங்க."

அக்கா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எதுக்குன்னு கேக்காத" என்றாள் மகள்.

"கேக்கல."

மகள் தலையாட்டினாள். வெளி கேட் வரை போனவள், "அன்னிக்கு ராத்திரி எனக்கும் சேத்து மேஜைல சாப்பாடு வை" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.